தொட்டுக்கொள்ளச் சோறு போதும்

பசியை அடக்கும் ஊசி மருந்துக் கடைக்கு வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் அதே ஆண்டு ஜூனில் வீகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது முதல், வாரத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலில் குத்திக்கொண்டால் உண்ணும் ஆசையே குன்றித் தேகம் இளைத்துவிடுகிறது என்ற செய்தி, வசதி படைத்தவர் இல்லங்களிலிருந்து மெல்ல மெல்ல நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துப் பேச்சுக்கும் இறங்கியிருக்கிறது. வீகோவியின் மூலப்பொருளான செமாக்ளூட்டைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரையில்தான் என்பதால், விலை சரியும் என்ற எதிர்பார்ப்பும் அத்துடன் சேர்ந்துகொண்டது. பசியை அடக்கப் பணம் கொடுக்கச் சித்தமாகிவிட்ட நாம், அந்தப் பசியை அன்றாடம் எதைக் கொண்டு ஆற்றுகிறோம் என்பதையும் ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஊசியை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஸ்தூல சரீரத்தால் மூட்டு தேய்ந்தும் மூச்சு வாங்கியும் அவதிப்படுவோருக்கு அது வைத்தியர் கையில் நல்லதோர் ஆயுதம். ஆனால் செமாக்ளூட்டைடைப் பற்றிய பெரிய பரிசோதனை ஒன்றில், 68 வாரங்களில் சராசரியாகத் தம் எடையில் ஏறத்தாழ 15 சதவீதத்தை இழந்தவர்கள், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஊசி நின்றதும் பசி திரும்புகிறது. திரும்பிவரும் பசிக்கு அதே பழைய தட்டுதான் காத்திருக்கிறது.

ஐவரில் இருவர்

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் மிகை எடை கொண்டவர்கள். 2015-16-ல் நடந்த முந்தைய ஆய்வில் பெண்களின் பங்கு 30.9 சதவீதமாகத்தான் இருந்தது. ஐந்தாண்டுக்குள் பத்துப் பேரில் மூவர் என்றிருந்த நிலை நால்வர் என்றாகிவிட்டது.

எடை கூடுவது கண்ணாடிக்கு முன் நிற்கும் வேளையில் மட்டும் தோன்றும் மனக்குறை என்றால் அதை அவரவர் பாட்டுக்கு விட்டுவிடலாம். நம்மவர் தேக அமைப்பிலோ கொழுப்பு முதலில் வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் சேர்வதால், கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன் தள்ளிய மனிதர்களுக்கே நீரிழிவும் இரத்த அழுத்தமும் எளிதில் வந்து சேர்கின்றன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்று வைத்தியர்கள் வரையறுத்திருப்பது இக்காரணம் பற்றியே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தபோது, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடனும் சுமார் 13.6 கோடிப் பேர் அதன் வாசலிலும் நிற்பது தெரிந்தது. அதே ஆய்வினர் 2025-ல் வெளியிட்ட உணவுக் கணக்கின்படி, சராசரி இந்தியர் தமக்கு வேண்டிய சக்தியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் பெறுகிறார். தென்னாட்டில் அந்த மாவுச்சத்துக்குப் பெயர் வெள்ளைச் சோறு.

மூன்று முறை பரிமாறும் சோறு

நம் பேச்சு வழக்கே இந்த விஷயத்தில் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் 'டிபன்தான் ஆயிற்று, இன்னும் சாப்பிடவில்லை' என்று பதில் வருகிறது; சோறு விழாத வயிறு நிறைந்த வயிறாகக் கணக்கில் வருவதில்லை. காயும் கூட்டும் கீரையும் எத்தனை பாடுபட்டுச் சமைக்கப்பட்டாலும் அவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் 'தொட்டுக்கொள்ள' என்பதுதான்.

குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு வாங்கி உண்ணும் கிரமம், விடியுமுன் வயலில் இறங்கி ஏர் பிடித்தவர்களுக்கும், இடுப்பொடிய நாற்று நட்டவர்களுக்கும், அடுத்த ஊர்ச் சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்து போனவர்களுக்கும் உரியதாக இருந்தது. அந்த உழைப்பு நம்மை விட்டு விலகிப் போயிற்று. அந்த அளவு மட்டும் சீதனம்போல நம்மிடம் தங்கிவிட்டது. நாற்காலியில் எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பவரும் நாற்றங்காலில் நின்றவருடைய சோற்றையே உண்கிறார்.

கணக்காகவே பார்ப்போம். மூன்று முறை வாங்கிய சோறு சர்வசாதாரணமாக 400 கிராம் எடைக்கு வந்துவிடும். அதில் மாவுச்சத்து சுமார் 110 கிராம். சக்தி 500 கலோரிக்குச் சற்று மேல். இது குழம்பும் அப்பளமும் பொரியலும் சேராத கணக்கு. காலையில் இட்லி அல்லது பொங்கல், இரவில் தோசை அல்லது உப்புமா என்று சேர்த்தால், நாள் முழுவதும் நாம் உண்பது ஒரே பண்டத்தின் பல வேஷங்கள் என்பது விளங்கும்.

அமாவாசையென்றும் கிருத்திகையென்றும் ஒருபொழுது இருப்பவர்கள், இரவில் சோற்றைத் தவிர்த்துப் 'பலகாரம்' உண்பார்கள். அந்தப் பலகாரம் பெரும்பாலும் அரிசி மாவில் சுட்ட தோசையாகவோ அரிசி ரவையில் கிண்டிய உப்புமாவாகவோ இருக்கும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இரவில் சோற்றைத் தொட்டு ஆறு வருஷமாயிற்று என்று பெருமையுடன் சொல்லிக்கொள்வார். அவர் உண்ணும் சப்பாத்தி ஐந்து, அதற்குத் துணை உருளைக்கிழங்கு மசாலா. சோற்றைத் துறந்ததில் அவருக்குப் புண்ணியம் சேர்ந்திருக்கலாம். எடை குறையவில்லை.

இவற்றின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் சேர்வது தேநீர்க் கோப்பையின் சர்க்கரை. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை அருந்துபவர், ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரையை, அதாவது 200 கலோரியை, 'ஒன்றுமே சாப்பிடாமல் டீ மட்டும்தான்' என்ற நினைப்பிலேயே உட்கொண்டுவிடுகிறார்.

பசியின் சுபாவம்

எடை குறைக்கப் புறப்படுவோர் முதலில் செய்யும் பிழை, பசியைத் தம் மன உறுதிக்கு வந்த சோதனையாகக் கருதுவது. காலை உணவை விட்டுவிட்டு, மதியம் இரண்டு பிடி உண்டு, மாலை ஐந்து மணிக்குப் பஜ்ஜிக் கடையின் முன் தோற்றுப்போய் நிற்பவர், தமக்கு வைராக்கியம் போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். குறை வைராக்கியத்தில் இல்லை. பசியின் சுபாவத்தை அறியாததில் இருக்கிறது.

பசி ஒரு சமிக்ஞை. வயிறு வெறுமையானதும் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற பொருள் மூளைக்குச் சென்று 'உண்' என்கிறது. நாம் வழக்கமாக உண்ணும் வேளை நெருங்கும்போது அது தானாகவே உயர்கிறது. உணவு குடலுக்குள் இறங்கியதும் குடல் சுரக்கும் வேறு சில பொருள்கள் 'போதும்' என்று சொல்லி அனுப்புகின்றன. இன்றைய ஊசி மருந்துகள் அந்தப் 'போதும்' என்ற குரலின் நகல்தாம். குடலில் இயற்கையாகச் சுரப்பது சில நிமிஷங்களில் மறைந்துவிடும். ஊசியில் ஏற்றுவது ஒரு வாரம் நிற்கும். வித்தியாசம் அவ்வளவே.

அந்தக் குரல் மூளைக்கு எட்ட இருபது நிமிஷம் போல ஆகும் என்பது ஒரு செய்தி. எல்லா உணவும் அதை ஒரே அளவில் எழுப்புவதில்லை என்பது மற்றொன்று. தவிடு நீங்கித் தீட்டப்பட்ட அரிசியும் மைதாவும் விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகின்றன. இன்சுலின் பெருகி அந்தச் சர்க்கரை இறங்கும்போது, இரண்டு மூன்று மணி நேரத்தில் பலருக்கு மீண்டும் பசிக்கிறது. புரதமும் நார்ச்சத்தும் அப்படியல்ல. அவை மெதுவாகச் செரித்து, நெடுநேரம் வயிற்றுக்கு நிறைவு தருகின்றன. நான்கு இட்லி உண்டு பதினொரு மணிக்கே பசியெடுத்துத் தவிப்பவர், இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் அல்லது இரண்டு முட்டையும் உண்டு பார்த்தால், இந்த உண்மையை நூலின் உதவியின்றித் தம் வயிற்றிலேயே பிரத்தியட்சமாகக் காணலாம்.

உண்ணும் வரிசைக்கும் பலன் உண்டு. 2015-ல் அமெரிக்காவில் நீரிழிவு உள்ள 11 பேரிடம் நடந்த சிறு பரிசோதனையில், காயையும் இறைச்சியையும் முதலில் உண்டு ரொட்டியைக் கடைசியில் உண்டபோது, அதே உணவுக்குப் பின் ஏறிய சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. உணவு மாறவில்லை, வரிசைதான் மாறிற்று.

உறக்கமும் இதில் ஒரு கட்சிக்காரர். 2004-ல் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு இரவுகள் நான்கே மணி நேரம் உறங்கிய இளைஞர்களுக்குக் கிரெலின் கூடியது, பசி மிகுந்தது, அதிலும் இனிப்பு, மாவுப் பண்டங்களின்மீது நாட்டம் அதிகரித்தது. நள்ளிரவுவரை கைப்பேசியில் கண் பதித்திருப்பவர் மறுநாள் மாலை மிக்சர்ப் பொட்டலத்தைத் தேடுவதற்கு நாக்கின்மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

சிறுதானியமும் தானியமே

அப்படியானால் சோற்றை அடியோடு விட்டுவிடலாமா? மாவுச்சத்தை விலக்கி எடை குறைக்கும் யோசனை புதிதன்று. 1863-ல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டுத் தாம் இளைத்த கதையைச் சிறு பிரசுரமாக வெளியிட்டார். ஐரோப்பாவில் அது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அன்றுமுதல் ஒவ்வொரு தலைமுறையும் அதே யோசனையைப் புதுப்பெயரில் மறுபடியும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது.

மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்துபவர்களுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ குறைந்துவிடுவதுண்டு. உடலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருப்பதால், சேமிப்பு கரையும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. குறைந்தது பெரும்பாலும் நீரே. ஒரு நாள் விருந்துண்டதும் அது திரும்பிவிட, 'எல்லாம் வீண்' என்று மனமுடைந்து பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாவுச்சத்தையும் குறைத்து ஓராண்டு கவனித்து, 2018-ல் வெளியிட்ட முடிவு இங்கே சிந்திக்கத்தக்கது. முதல் பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும் மற்றவர் 6 கிலோவும் குறைந்தனர். பெரிய பேதம் இல்லை. சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்த்துக் காய்கறியை மிகுதியாக உண்ணும்படி இரு பிரிவினருக்கும் சொல்லப்பட்டிருந்தது. எவரும் நெடுங்காலம் கடைப்பிடிக்கக்கூடிய முறையே எடையைக் குறைக்கும் முறை என்பதுதான் இதன் சாரம்.

சோற்றுக்குப் பதில் சிறுதானியம் என்ற வாதமும் முழு உண்மையன்று. தினையிலும் சாமையிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல் என்பது மெய். ஆயினும் அவையும் மாவுச்சத்து மிகுந்த தானியங்களே. நைஸாக அரைத்துக் கூழாகக் காய்ச்சியதும் அவற்றின் மாவும் விரைவில் சர்க்கரையாகும். மேலே சொன்ன 2025 ஆய்விலும், அரிசிக்குப் பதிலாகக் கோதுமையையோ சிறுதானியத்தையோ மாற்றி உண்பதால் மட்டும் நீரிழிவின் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்கள் போன்றவற்றின் புரதத்தை வைத்தால்தான் அபாயம் குறைவாகக் காணப்பட்டது. ஆகவே கேள்வி எந்தத் தானியம் என்பதைவிட, எவ்வளவு தானியம் என்பதே.

நியாய விலைக் கடையின் கணக்கு

இத்தனையும் தனிமனிதர் தீர்மானம் என்று சொல்லி அரசாங்கம் விலகிக்கொள்ள இயலாது. அரிசி மலிவு, பருப்பு விலை அதிகம், காய் அழுகும் பண்டம் என்ற நிலையில், குறைந்த வருவாயில் குடும்பம் நடத்தும் பெண்மணி எதை அதிகமாகச் சமைப்பாள் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உணவு உண்பவர் நாளொன்றுக்கு 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பு, பயறு வகைகளும் கொள்ளலாம் என்கிறது; மொத்த சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டலாகாது என்றும் சொல்கிறது. நம் நியாய விலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. சாதாரண அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், நால்வர் உள்ள குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 166 கிராம் அரிசி. துவரம்பருப்போ அட்டைக்கு ஒரு கிலோ, அதுவும் 30 ரூபாய் விலைக்கு. தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம்.

தானியத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கும் அதே கடை, பருப்புத் தேவையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பட்டினியை ஒழித்த பெருமை இந்தத் திட்டத்துக்கு உண்டு. அதைக் குறைகூறுபவன் பஞ்ச காலத்தை அறியாதவன். ஆனால் பசியைத் தீர்த்த கடை இனிப் பசி ஆறும் விதத்தையும் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

செய்யத் தக்கவை

இல்லத்தில் செய்யக்கூடியவை மிக எளியவை. தட்டில் சோறு விழுமுன் காயும் கூட்டும் கீரையும் விழட்டும். தட்டில் பாதியை அவை அடைத்துக்கொள்ளட்டும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் இவற்றில் ஒன்று. எஞ்சிய கால் பங்கே சோறு. காயை முதலில் உண்டு சோற்றைப் பிறகு உண்பது, வயிறு தானே அளவைச் சொல்ல அவகாசம் தரும்.

மூன்று முறை சோறு வாங்குபவர் முதல் மாதம் ரசத்துக்கு வாங்குவதை நிறுத்தி, ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிடலாம். அடுத்த மாதம் மோரையும் அவ்வாறே. சோற்றை அளக்க ஒரு கிண்ணத்தை நியமித்துக்கொள்வது நலம். கண்ணும் கரண்டியும் ஒருபோதும் சரியாக அளப்பதில்லை.

காலை உணவில் புரதம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மாலைப் பசிக்கு முறுக்கு டப்பாவைத் திறக்குமுன் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ தயாராக இருக்கட்டும். தேநீரின் சர்க்கரையை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்குக்கு அது தெரியாது. இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, பத்து நிமிஷம் தெருவில் நடந்துவிட்டு வருவது செலவில்லாத ஔஷதம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்திலும் வரம்பு உண்டு. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் எடை குறைப்பு விரதம் இருக்கலாகாது. இவர்கள் வைத்தியரைக் கலந்துகொண்ட பின்னரே உணவை மாற்ற வேண்டும். ஊசி போட்டுக்கொள்வோரும், பசியின்மையால் புரதத்தை விட்டுவிட்டால் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அரசாங்கம் செய்யக்கூடியவையும் கைக்கு எட்டாதவை அல்ல. குடும்ப அட்டைக்குத் தரும் பருப்பைக் குறைந்தது மூன்று கிலோவாக உயர்த்தலாம். அரிசியில் ஒரு பகுதியை வேண்டாம் என்போருக்கு அதற்கு ஈடாகக் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ தரலாம். 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் உப்புமாவோடும் பொங்கலோடும் ஒரு கரண்டிச் சுண்டலும் சேரலாம். அரசு அலுவலக உணவகங்களிலும் மாணவர் விடுதிகளிலும் காயை அளவின்றியும் சோற்றை அளவோடும் பரிமாற ஓர் உத்தரவு போதும்.

திருமண வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். இலையில் காய் வகைகளைத் தேய்த்துவிட்டுப் போவதுபோல் வைத்து, சோற்றை மலையாகக் குவிப்பது உபசாரம் என்ற எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம். 'இன்னும் கொஞ்சம் சாதம்' என்று வற்புறுத்தும் அன்பு, 'இன்னும் கொஞ்சம் கூட்டு' என்று வற்புறுத்தட்டும்.

சோறு நம் பகையன்று. எத்தனையோ தலைமுறையை வளர்த்த ஆகாரம் அது. அதன் இடம் மட்டும் தட்டில் மாற வேண்டும். இதுநாள்வரை சோற்றுக்குக் காயைத் தொட்டுக்கொண்டோம். இனிக் காய்க்கும் பருப்புக்கும் சோற்றைத் தொட்டுக்கொள்வோம். நாளை நண்பகல் இலையின் முன் அமரும்போது, பரிமாறுபவரிடம் 'முதலில் பொரியல் வையுங்கள், சோறு பிறகு' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.